மருந்தளிப்போர்க்கும் வேண்டும் அபயம்

(மகாவீரர் ஜயந்தி விழாவில் ஆற்றப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



இல்லறத்தார் செய்யத்தக்க கொடைகளை அருகன் அறம் நான்காக வகுத்துள்ளது. உணவுக் கொடை, மருந்துக் கொடை, கல்விக் கொடை, அடைக்கலக் கொடை என்பன அவை. ஆகார தானம், ஔடத தானம், சாத்திர தானம், அபய தானம் என்று வழங்குவது சமண இல்லங்களில் பழகிய வழக்கு. இந்நான்கனுள் மருந்துக்குத் தமிழ்ச் சமணர் தந்த இடம் தனிச்சிறப்புடையது. கணிமேதாவியார் தம் நூலுக்கு ஏலாதி என்று பெயரிட்டார். காரியாசான் சிறுபஞ்சமூலம் என்று பெயரிட்டார். ஏலம் முதலிய ஆறு சரக்குகள் சேர்ந்த மருந்தும், ஐந்து சிறு வேர்கள் சேர்ந்த மருந்தும் உடற்பிணியைத் தீர்ப்பது போல நல்லுரை உள்ளத்துப் பிணியைத் தீர்க்கும் என்பது அச்சான்றோர் கருத்து.

மருந்தைப் பற்றி இவ்வளவு எண்ணிய சமூகம், மருந்தளிப்பவரைப் பற்றியும் எண்ண வேண்டிய காலம் இது. ஒரு மருத்துவரைப் பணியில் ஊக்கத்தோடு நிற்கச் செய்வது எது? அவரைச் சோர்ந்து விழச் செய்வது எது? அவருடைய நலனில் நோயாளிக்கும் உறவினர்க்கும் உள்ள பொறுப்பு யாது? காவிரி பாயும் இச்சோழநாட்டின் வரலாறே இவ்வினாக்களுக்கு விடை தொடங்கி வைக்கிறது.

குந்தவையார் காட்டிய வழி

முதலாம் இராசராச சோழனின் தமக்கை குந்தவைப் பிராட்டியாரைத் தமிழ்ச் சமணர் மறப்பதில்லை. போளூரை அடுத்த திருமலையில் இன்றும் வழிபாட்டில் உள்ள குந்தவை ஜினாலயம் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. இராசராசபுரம் என்னும் தாதாபுரத்தில் சிவன் கோயிலோடும் திருமால் கோயிலோடும் சேர்த்து ஒரு ஜினாலயமும் அவர் எடுப்பித்ததைக் கல்வெட்டுக் கூறுகிறது.

அப்பெருமாட்டியார் தஞ்சையில் ஒரு மருத்துவச் சாலைக்கும் அறம் செய்தார். தம் தந்தை பெயரால் அமைந்த சுந்தர சோழ விண்ணகர் ஆதுலர் சாலை என்பது அது. ஆதுலர் என்பது நோயுற்றோரையும் வறியோரையும் குறிக்கும் சொல். அச்சாலையில் மருத்துவம் பார்ப்பவருக்கு நிலமும் வீடும் அளித்த செய்தியை முதலாம் இராசேந்திரன் காலக் கல்வெட்டுத் தருகிறது. இது ஊன்றி நோக்கத்தக்கது. கட்டடம் எழுப்பியதோடும் மூலிகை வாங்கப் பொருள் வைத்ததோடும் அவ்வறம் நின்றுவிடவில்லை. மருத்துவர் எங்கே குடியிருப்பார், எதை உண்டு வாழ்வார், அவர் மனம் அங்கே நிலைத்திருக்க என்ன வேண்டும் என்பனவும் அந்த அறத்துக்குள் அடங்கின. மருத்துவருக்கு அளித்த வீடும் நிலமும் நோயாளிக்கு அளித்த மருந்தின் ஒரு பகுதியாகவே கருதப்பெற்றன.

வீரராசேந்திரன் காலத்துத் திருமுக்கூடல் கல்வெட்டும் இக்கருத்தையே வலியுறுத்துகிறது. அங்கே 15 படுக்கைகள் கொண்ட மருத்துவச் சாலை ஒன்று இருந்தது. மருத்துவர் ஒருவர், அறுவை மருத்துவர் ஒருவர், மருந்து கொணர்வோர், நோயாளிகளைப் பேணும் பெண்கள் என ஒவ்வொருவர்க்கும் உரிய ஊதியம் கல்லில் வெட்டப்பெற்றது. திருக்குறளின் மருந்து அதிகாரமும் நோயுற்றவன், நோய் தீர்ப்பவன், மருந்து, உடனிருந்து பேணுபவன் என மருத்துவத்தை நான்கு கூறாக வைக்கிறது. தனியொருவர் தலையில் முழுச் சுமையையும் ஏற்றும் முறை தமிழ் மண்ணின் முறை அன்று.

பிற்காலத்தில் தஞ்சையை ஆண்ட இரண்டாம் சரபோசி மன்னர் காலத்திலும் இத்தொடர்ச்சியைக் காணலாம். அவர் அமைத்த தன்வந்திரி மகாலில் நாட்டு மருத்துவ முறைகளில் வல்லவர்களும் ஐரோப்பிய மருத்துவம் அறிந்தவர்களும் ஒரே இடத்தில் பணி செய்தனர். கண் நோயாளிகளின் நிலை, செய்த அறுவை, அதன்பின் கண்ட பலன் ஆகியவற்றைப் பதிந்து வைத்த ஏடுகள் சரசுவதி மகாலில் இன்றும் உள்ளன. கற்பதும், கற்றதைப் பகிர்வதும், செய்த சிகிச்சையின் பயனைக் கண்ணாரக் காண்பதும் மருத்துவருக்கு எத்துணை ஊக்கம் தரும் என்பதற்கு அவ்வேடுகள் சான்று. ஒரத்தநாட்டு முத்தாம்பாள் சத்திரம் போன்ற அக்காலச் சத்திரங்களில் வழிப்போக்கர்க்கு உணவும், நோயுற்றோர்க்கு மருந்தும், மாணவர்க்குக் கல்வியும், திக்கற்றோர்க்கு இடமும் கிடைத்தன. நான்கு தானமும் ஒரே கூரையின் கீழ் நிகழ்ந்தன எனலாம்.

கடைமடை மருத்துவர்

இன்றைய காவிரிப் படுகைக்கு வருவோர் வேறொரு காட்சியைக் காண்பர். மிராசுதார்களின் கொடையால் எழுந்த இராசா மிராசுதார் மருத்துவமனை, மகப்பேற்றுக்கும் குழந்தை நலத்துக்கும் உரிய இடமாகத் தஞ்சை நகர நடுவில் விளங்குகிறது. காமராசர் ஆட்சிக் காலத்தில் தோன்றிய தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி, சுற்றியுள்ள மாவட்டங்கள் பலவற்றிலிருந்தும் வரும் நோயாளிகளுக்குப் புகலிடம். 2010-இல் திருவாரூரிலும், 2022-இல் நாகப்பட்டினத்திலும் அரசு மருத்துவக் கல்லூரிகள் வந்தன. ஊர்ப்புறங்களில் ஆரம்ப சுகாதார நிலையங்கள் உள்ளன. நடவுக் காலத்திலும் அறுவடைக் காலத்திலும் பாம்புக்கடியோடு வருவோர், பூச்சிக்கொல்லி உண்டு தூக்கி வரப்படுவோர், வெயிலில் மயங்கி விழுந்தோர், பேறுகாலப் பெண்கள் ஆகிய அனைவரும் அந்நிலையத்தின் கதவைத்தான் முதலில் தட்டுகின்றனர்.

மேட்டூரில் திறந்த நீர் கல்லணையைக் கடந்து, ஆறுகளாகப் பிரிந்து, வாய்க்கால்களில் ஓடி, வேதாரண்யத்தையும் திருத்துறைப்பூண்டியையும் ஒட்டிய கடைமடைக்கு வந்து சேர்வதற்குள் மெலிந்து விடுவதை உழவர் அறிவர். மருத்துவ வசதியும் அவ்வாறே. தலைநகரில் பத்து வல்லுநர் பகிர்ந்து செய்யும் பணியைக் கடைமடையில் ஒருவர் செய்ய நேர்கிறது. 2018 நவம்பர் 16 அன்று கசா புயல் வேதாரண்யம் பகுதியில் கரை கடந்தபோது மின்சாரமும் சாலையும் பல நாள் இல்லாதிருந்தன. புயல் மருத்துவர் வீடு, நோயாளி வீடு என்று வேறுபாடு பார்ப்பதில்லை. ஆயினும் மறுநாள் காலையில் மருத்துவமனைக் கதவு திறந்திருக்கும் என்றே ஊர் எதிர்பார்த்தது.

வாய்க்காலில் நீர் வர வேண்டுமென்று வேண்டுவோர் வாய்க்காலைத் தூர்வாரவும் வேண்டும். ஊரார் ஒன்றுகூடிச் செய்த அப்பணிக்குக் குடிமராமத்து என்று பெயர். மருத்துவரின் ஊக்கமும் அத்தகையதே. அது வற்றாது ஓடுமென்று நம்பிப் பேணாது விட்டால் தூர்ந்து போகும்.

ஊக்கத்தின் ஊற்று

பணியாளரின் ஊக்கத்தைப் பற்றி ஆராய்ந்த அமெரிக்க உளவியலறிஞர் பிரெடரிக் கெர்சுபெர்க் 1959-இல் தம் முடிவுகளை நூலாக வெளியிட்டார். ஊதியம், பணியிடச் சூழல், மேலாண்மை முதலியன குறைந்தால் மனக்குறை பெருகும். அவை நிறைந்தால் அக்குறை நீங்கும். ஆனால் உள்ளார்ந்த ஊக்கம் வேறிடத்திலிருந்து வருகிறது. செய்த வேலை பயன் தந்தது என்னும் நிறைவு, பிறர் அதனை மதித்தல், மேலும் கற்று உயரும் வாய்ப்பு ஆகியவையே அதன் ஊற்று என்பது அவர் கண்டது.

தமிழ்நாட்டில் நிகழ்ந்த ஒன்று இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. 2019 அக்டோபர் 25 முதல் நவம்பர் 1 வரை அரசு மருத்துவர் பலர் வேலைநிறுத்தம் செய்தனர். ஏழை நோயாளிகள் அந்நாட்களில் பட்ட துன்பம் மறுக்க முடியாதது, அது வருந்தத்தக்கதே. எனினும் அவர்கள் முன்வைத்த முதன்மைக் கோரிக்கைகளைப் பிரித்துப் பார்த்தல் தகும். காலமுறைப்படி ஊதிய உயர்வு என்பது ஒன்று. நோயாளிகளின் எண்ணிக்கைக்கேற்ப மருத்துவர் பணியிடங்கள் வேண்டும் என்பது மற்றொன்று. அரசுப் பணியில் இருப்போர்க்கு முதுநிலைப் படிப்பில் இடஒதுக்கீடு வேண்டும் என்பது மூன்றாவது. முதுநிலை முடித்தோர்க்குக் கலந்தாய்வு வழியே பணியிடம் தர வேண்டும் என்பது நான்காவது. நான்கனுள் ஒன்றே பணத்தைப் பற்றியது. எஞ்சியவை ஓய்வையும், கல்வியையும், நேர்மையான நடைமுறையையும் பற்றியவை.

அவற்றுள் கல்வி பற்றிய கோரிக்கைக்கு நீண்ட பின்னணி உண்டு. ஊர்ப்புற நிலையத்தில் சில ஆண்டுகள் பணி செய்தால் முதுநிலைப் படிப்புக்கு வழி பிறக்கும் என்னும் நம்பிக்கையே இளம் மருத்துவர் பலரைச் சிற்றூர்களுக்கு அழைத்து வந்தது. பணியிலுள்ள மருத்துவர்க்கு அத்தகைய ஒதுக்கீடு செய்ய மாநிலங்களுக்கு உரிமை உண்டு என்று 2020 ஆகத்து 31 அன்று உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு தீர்ப்பளித்தது. தமிழ்நாட்டு மருத்துவர் சங்கம் தொடுத்த வழக்கு அது. கடைமடை ஊருக்கு மருத்துவரைக் கொண்டுவருவதில் சாத்திர தானம் என்னும் கல்விக் கொடைக்கு எவ்வளவு வலிமை உண்டு என்பதை இது காட்டுகிறது.

படுகையிலேயே மற்றொரு வகை ஊக்கத்தையும் மக்கள் கண்டிருக்கின்றனர். பட்டுக்கோட்டையில் பத்து ரூபாய் மருத்துவர் என்று அன்போடு அழைக்கப்பெற்ற மருத்துவர் ரத்தினம் முதிர்ந்த வயதுவரை மிகக் குறைந்த கட்டணத்தில் மருத்துவம் பார்த்து, 2025-இல் மறைந்தார். அத்தகையோரை வணங்குதல் கடமை. ஆனால் அவரைக் காட்டி ஏனைய மருத்துவரை இகழ்தல் அறமன்று. முனிவர் ஏற்கும் மாவிரதத்தை இல்லறத்தாரிடம் அருகன் அறம் கேட்பதில்லை. அவர்க்கு அணுவிரதத்தையே விதித்துள்ளது. ஒருவர் விரும்பி ஏற்ற துறவை எல்லோர்க்கும் கட்டாயமாக்க முடியாது.

சோர்வும் இம்சையும்

இடைவிடாத பணிச்சுமையால் வரும் சோர்வை 1974-இல் பிராய்டன்பர்கர் என்னும் உளவியலறிஞர் தனியாக இனங்கண்டு பெயரிட்டார். பின்னர் கிறித்தினா மாசுலாக் அதன் மூன்று அடையாளங்களை விளக்கினார். உள்ளமும் உடலும் வறண்டு போதல் முதலாவது. எதிரில் இருப்பவரை மனிதராகப் பாராமல் ஒரு படுக்கை எண்ணாகப் பார்த்தல் இரண்டாவது. தாம் செய்வதால் ஒரு பயனும் இல்லை என்னும் எண்ணம் மூன்றாவது. உலக நல அமைப்பு 2019-இல் இதனைப் பணியிடம் சார்ந்த நிலை என வரையறுத்து, தனியொரு நோயாக வகைப்படுத்தாது விட்டது. பணியிடத்தில் நெடுநாள் தொடரும் நெருக்கடி உரியவாறு கையாளப்படாமையே அதற்குக் காரணம் என்றும் அவ்வமைப்பு கூறுகிறது. ஆதலின் அது மருத்துவரின் குணக்குறை அன்று.

சினந்து பேசும் மருத்துவரைக் கண்டு, இவர்க்கு இரக்கமே இல்லை என்று நோயாளியின் உறவினர் வருந்துவதுண்டு. அவ்வருத்தத்தில் நியாயம் இருக்கலாம். ஆனால் அவர் முந்தைய இரவு உறங்கினாரா என்று கேட்பவர் அரியர். தொடர்பணி இயல்பாக 12 மணி நேரத்தைக் கடத்தல் ஆகாது, சுழற்சி முறையில் வாரத்திற்கு ஒரு நாள் ஓய்வு வேண்டும் என்று உறைவிட மருத்துவர்க்காக மத்திய அரசு 1992-இலேயே வழிகாட்டியது. எழுத்தில் உள்ளது எல்லா மருத்துவமனைகளிலும் நடைமுறையில் இல்லை என்பதை மருத்துவம் பயிலும் பிள்ளைகளைப் பெற்றோர் நன்கறிவர்.

இங்கே ஆகமக் கருத்து ஒன்றை நினைவு கூர்தல் பொருந்தும். உமாசுவாமி அருளிய தத்துவார்த்த சூத்திரத்தின் ஏழாம் அத்தியாயம் இம்சை என்பதற்கு இலக்கணம் கூறும்போது, பிரமாதத்தோடு கூடிய செயலால் உயிர்க்கு ஊறு நேர்வதையே இம்சை என்கிறது. பிரமாதம் என்பது பேச்சு வழக்கில் அருமை என்னும் பொருளில் வழங்குகிறது. ஆகம வழக்கில் அதற்கு விழிப்பின்மை என்பது பொருள். முப்பது மணி நேரம் உறங்காத ஒருவரின் கையில் ஊசியையும் கத்தியையும் தந்தால் விழிப்பின்மை வராதிருக்குமா? அதனால் ஓர் உயிர்க்கு ஊறு நேர்ந்தால், வினை அம்மருத்துவர் ஒருவரை மட்டுமா சாரும்? செய்தல், செய்வித்தல், உடன்படுதல் என்னும் மூவகையாலும் வினை சாரும் என்பது சமண நெறி. ஓய்வின்றி உழைக்கச் செய்தோர்க்கும், அதனைக் கண்டும் உடன்பட்டிருந்த சமூகத்திற்கும் அதில் பங்கு உண்டு. எனவே மருத்துவரின் ஓய்வு அவருக்குச் செய்யும் சலுகை ஆகாது. நோயாளியின் உயிர்க்கு இடும் வேலி ஆகும்.

சாமாயிகமும் தியானமும் மருத்துவரின் மன அமைதிக்குத் துணை செய்யும் என்பதில் ஐயமில்லை. ஆயினும் பணியிடத்துக் குறையைக் களையாது, தியானம் செய்க என்று அறிவுரை மட்டும் கூறுவது, பசித்தவனுக்கு உண்ணா நோன்பின் பெருமையை எடுத்துரைப்பது போன்றது.

குறையைக் களையும் வழிக்கு மதுரை ஓர் எடுத்துக்காட்டுத் தருகிறது. மருத்துவர் கோவிந்தப்ப வேங்கடசாமி அரசுப் பணியில் ஓய்வு பெற்றபின், 1976-இல் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். முடக்குவாதத்தால் கோணிய விரல்களைக் கொண்டே கண் அறுவை செய்து பழகியவர் அவர். சிற்றூர்ப் பெண்களுக்குப் பயிற்சி அளித்து, நோயாளியை ஆயத்தம் செய்தல், கண்ணை அளத்தல், பின்பேணுதல் ஆகியவற்றை அவர்கள் பொறுப்பில் விட்டார். அறுவை மருத்துவர் ஒரு மேசையில் பணி முடிக்கும்போதே அடுத்த மேசையில் அடுத்த நோயாளி ஆயத்தமாக இருப்பார். மருத்துவர் மட்டுமே செய்யத்தக்கதை மருத்துவர் செய்தார்; ஏனையவற்றைப் பிறர் செய்தனர். பார்வை மீண்டவர் முகத்தை நாள்தோறும் காணும் நிறைவு அங்கே பணிபுரிவோர்க்குக் கிட்டியது. திருமுக்கூடல் கல்வெட்டில் கண்ட பணிப்பகிர்வின் இக்கால வடிவம் அது.

அபயம் என்னும் கொடை

நான்கு தானங்களுள் அபய தானத்தை ஆன்றோர் தலையாயதாகப் போற்றுவர். அச்சம் உள்ள இடத்தில் மற்றைய மூன்றும் பயன்படா. 2024 நவம்பர் 13 அன்று சென்னை கிண்டியில் உள்ள அரசு மருத்துவமனையில், பணியில் இருந்த புற்றுநோய் மருத்துவர் ஒருவர், தாம் பார்த்த நோயாளியின் மகனாலேயே கத்தியால் குத்தப்பட்டார். அதற்கு மூன்று திங்கள் முன்னர், கொல்கத்தாவில் பணியிடத்திலேயே இளம் பெண் மருத்துவர் ஒருவர் கொல்லப்பட்டது நாட்டையே உலுக்கியது. மருத்துவப் பணியாளரையும் மருத்துவ நிலையங்களையும் தாக்குவோரைத் தண்டிக்கத் தமிழ்நாட்டில் 2008-ஆம் ஆண்டு முதலே தனிச் சட்டம் உள்ளது. சட்டம் தேவையே. ஆனால் நள்ளிரவில் தனியே பணியில் நிற்கும் ஒரு பெண் மருத்துவரின் அச்சத்தைச் சட்டப் புத்தகம் மட்டும் போக்காது. சூழ்ந்து நிற்போரின் நாவடக்கமும் கையடக்கமும் போக்கும்.

பெருந்துயரில் இருக்கும் குடும்பத்தாரின் கொந்தளிப்பு புரிந்துகொள்ளத்தக்கதே. நோயின் நிலையை எளிய தமிழில், பொறுமையாக எடுத்துச் சொல்லுதல் மருத்துவரின் கடமை. அதனைச் சொல்ல நேரம் கிடைக்குமாறு பணியிடங்களை நிரப்புதல் அரசின் கடமை. கேட்டுத் தெளிதலும், ஐயம் இருப்பின் முறைப்படி முறையிடுதலும் உறவினர் கடமை. இம்மூன்றில் ஒன்று தவறினாலும் அச்சம் உள்ளே நுழைகிறது.

இல்லங்கள் செய்யத்தக்கவை

கரந்தை, கும்பகோணம், மன்னார்குடி, தீபங்குடி என இப்படுகையில் வாழும் சமணக் குடும்பங்களிலும், வந்தவாசி, ஆரணி வட்டாரங்களிலும் இன்று மருத்துவம் பயின்ற பிள்ளைகள் உள்ளனர். அவர்கள் பொருட்டு இல்லங்களிலேயே தொடங்கத்தக்க சில அறங்கள் உண்டு.

பொழுது சாய்வதற்கு முன் உண்ணும் விரதம் சமணர்க்கு உயிரனையது. புறநோயாளிகளின் வரிசை முடியாத நாளில், அவ்விரதம் காக்கும் இளம் மருத்துவர் பலர் பட்டினியாகவே இரவுப் பணியைத் தொடர்கின்றனர். அந்தி சாயுமுன் பத்து நிமிடம் அவர் இடத்தில் நின்று உதவும் உடன்பணியாளர் எச்சமயத்தவர் ஆயினும் ஆகார தானத்தின் பயனைப் பெறுவார். வரிசையில் நிற்போர் அப்பத்து நிமிடம் முணுமுணுக்காது பொறுத்திருத்தலும் அக்கொடையில் சேரும்.

ஆலய விழாவுக்கு விடுப்பெடுத்து வரும் மருத்துவரை, பூசை முடிந்து மண்டபத்தில் அமர்ந்த உடனேயே சூழ்ந்துகொண்டு பரிசோதனை அறிக்கைகளை நீட்டுதல் எல்லா ஊர்களிலும் காணும் காட்சி. மருமகன் மருத்துவர் என்றால் சம்பந்தி வீட்டார் அனைவர்க்கும் இரத்த அழுத்தம் பார்க்கத்தான் வேண்டும் போலும்! அன்று ஒரு நாளேனும் அவர் மகனாகவும் மருமகனாகவும் இருக்கட்டும்.

பிள்ளை மருத்துவராக வேண்டும் என்று விரும்பும் பெற்றோர், அவ்விருப்பம் பிள்ளைக்கும் உண்டா என்பதை அறிதல் வேண்டும். பிறர் விருப்பத்தால் நுழைந்தவர்க்கு அப்பணியின் சுமை இருமடங்கு. மருத்துவப் பிள்ளை சோர்வைப் பற்றிப் பேசும்போது, இவ்வளவு படித்துவிட்டு இப்படிப் பேசலாமா என்று வாயடைத்தல் கூடாது. உறக்கமின்மையும் உள்ளத்தளர்வும் நீடித்தால் அவரும் ஒரு மருத்துவரை நாட வேண்டும், அதில் இழுக்கில்லை.

அறக்கட்டளைகள் மருத்துவ முகாம் நடத்தும்போது எத்தனை பேர் பயன் பெற்றனர் என்று கணக்கிடுவது போலவே, எத்தனை மருத்துவர் எத்தனை மணி நேரம் பணி செய்தனர் என்றும் கணக்கிடலாம். பிழைத்து வீடு திரும்பியவர் ஒரு நாள் மீண்டும் சென்று, நலமாக இருக்கிறேன் என்று ஒரு சொல் சொல்லி வரலாம். செலவில்லாத அச்சொல் மருத்துவர்க்குப் பல மாதங்களுக்கு உரம்.

நோயுற்ற துறவியர்க்கும் தளர்ந்த துறவியர்க்கும் தொண்டு செய்தலை வையாவிருத்தியம் என்று கூறி, அகத்தவம் ஆறனுள் ஒன்றாக வைத்தனர் முன்னோர். தளர்ந்தோரைத் தாங்குவது தவம் என்று கண்ட சமூகம், பிறர் தளர்ச்சியைத் தீர்த்துத் தாம் தளர்ந்தோரையும் தாங்கும் என்பதில் ஐயமில்லை. ஜினாலயம் எடுத்த குந்தவைப் பிராட்டியார், ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே தஞ்சையில் மருத்துவர்க்கு ஒரு வீடும் நிலமும் தந்து அவ்வழியைக் காட்டிச் சென்றார். இன்று தருவதற்கு நிலம் இல்லாதவரிடமும் பொறுமையும் நன்றியும் உண்டு. அவற்றை மருத்துவர்க்கு அளித்தலும் அபய தானமே.

மருந்து கொடுக்கும் கை நடுங்காதிருக்கட்டும். எல்லா உயிரும் அச்சம் நீங்கி வாழட்டும். அருகன் அறம் வெல்க!